சோம்பேறிக்குப் பசிக்கவில்லை

அந்த மீன் காட்சியகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், வால்வு மாதிரி தங்கமான மனுஷன் கிடையாது என்று. வால்வு என்பது வேலையிடத்தில் அவனுக்கு விழுந்த பெயர். அத்தனை தொட்டிகளுக்கும் கடல்நீரை ஏற்றி, வடிகட்டி, திருப்பி அனுப்புகிற பம்புகளும் குழாய்களும் அவன் பொறுப்பு. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு வால்வில் கொண்டுவந்து நிறுத்துவான். பக்கத்தில் யாராவது இருமினால்கூட, "எங்கயோ வால்வு சரியா மூடலை" என்பான். தங்கமான மனுஷன்தான், பொறாமை என்ற ஒன்று மட்டும் வராமல் இருந்திருந்தால். அது ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து சேர்ந்தது.

டப்பாவைக் கொண்டுவந்தவர் ஓர் ஆராய்ச்சியாளர். நட்சத்திர மீன் எப்படி நடக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்று ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு படம் எடுக்க வேண்டும், ஒரு வாரம் இடம் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டு வந்திருந்தார். பார்வையாளர்கள் நுழையாத பின்னறையில், நாலு பக்கமும் கண்ணாடியான ஒரு தொட்டியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பின்னறைத் தொட்டிகளைக் கவனிப்பது வால்வின் மனைவி. உடம்புக்கு முடியாத மீன், புதிதாக வந்து மிரண்டு நிற்கிற நண்டு, இரை எடுக்காத நத்தை எல்லாம் அவள் கையில்தான் தேறும். கைராசிக்காரி என்று பெயர். ஆகவே ஆராய்ச்சியாளருக்கு உதவியாக அவளையே போட்டார்கள்.

அதுவரைக்கும்கூட ஒன்றுமில்லை. மறுநாள் அந்த மனுஷன் தொட்டியைச் சுற்றிக் கூடாரம் மாதிரி கறுப்புத் துணியைக் கட்டினார். வெளி வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் படம் கெட்டுவிடுமாம். துணிக்குள்ளே தொட்டி, ஒரு சின்ன விளக்கு, ஒரு கேமரா, இரண்டு முக்காலி. ஒரு முக்காலி அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று வால்வு கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டதில்தான் அவனுக்கு வயிறு எரிந்தது.

"அண்ணே, பிஸ்கட் எடுத்துக்குங்க" என்று பார்க்கும்போதெல்லாம் டப்பாவை நீட்டுவார். வால்வு எடுத்துக்கொள்வான், மனதுக்குள் திட்டிக்கொண்டே தின்பான். மனதுக்குள் அவருக்குப் பெயரும் பிஸ்கட் என்றே வைத்துவிட்டான். நாமும் அப்படியே கூப்பிடுவோம், சுருக்கமாக இருக்கிறது.

ஒருநாள் காலையில், கையில் ஸ்பானரோடு அந்தப் பக்கமாகப் போனவன் துணிக்கு வெளியே நின்றுவிட்டான். நிற்க ஒரு காரணம் வேண்டுமே என்று, நன்றாக இறுகியிருந்த ஒரு குழாய் மூட்டை மறுபடி இறுக்கினான். உள்ளே பிஸ்கட்டின் குரல், ரகசியம் சொல்கிற மாதிரி தணிந்து கேட்டது.

"இதைக் காலுன்னு மட்டும் நினைக்காதீங்க மேடம். இது முழுக்க முழுக்கத் தண்ணி வேலை. முதுகுல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுதா? அதுதான் வடிகட்டி. கடல்தண்ணி அது வழியா உள்ள போய், உடம்பு பூரா குழாய்ல ஓடுது. அடியில நூத்துக்கணக்குல குட்டிக் கால் இருக்குல்ல, ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு சின்னப் பை. பையை நெருக்கினா தண்ணி இறங்கும், கால் நீளும். நீண்ட கால் தரையில ஒட்டிக்கும்."

"பையை நெருக்கினா தண்ணி வந்த வழியே திரும்பிப் போயிடாதா?" இது அவன் மனைவி.

"போகாது. அதுக்குத்தான் வால்வு இருக்கு."

"அட!" என்று அவள் சிரித்தாள்.

வால்வுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வடிகட்டி, குழாய், வால்வு! கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் டீ குடிக்கும்போது அவன் அவளிடம் வேறு எதைப் பேசியிருக்கிறான்? அப்போதெல்லாம் அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உம் கொட்டியதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். எவனோ ஒருத்தன் துணிக்குள் உட்கார்ந்து அதையே சொன்னால் 'அட'வாம். தன் பெட்டியிலிருந்து ஸ்பானரைத் திருடித் தன் வீட்டுக் குழாயையே ஒருத்தன் கழற்றுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

வீட்டிலும் அதே பேச்சு. அந்த நட்சத்திர மீனுக்கு அவள் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தாள். "சோம்பேறி இன்னிக்குக் கண்ணாடியில பாதி ஏறிட்டான்." "சோம்பேறியைக் குப்புறக் கவுத்தா எப்படி நிமிருறான் தெரியுமா? ஒரு கையை மடக்கி அடியில குடுத்து, மெதுவா, யாருக்கும் அவசரமில்லாத மாதிரி." அவள் கையை மடக்கி நடித்துக்காட்டியபோது முகம் பளபளத்தது. கல்யாணமான புதிதில் சோம்பேறி என்கிற பெயர் அவனுக்குத்தான் இருந்தது. விடுமுறை நாளில் போர்வையை இழுத்துவிட்டு அப்படித்தான் எழுப்புவாள். அந்தப் பெயர் எப்போது கைமாறியது என்று யோசித்துக்கொண்டே டீயை ஆறவிட்டான். இப்படி மூளையே இல்லாத ஒரு பிராணியைப் பார்த்தும் பொறாமைப்பட்ட ஆண்பிள்ளை வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியாது.

பொறாமை வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது நீண்டுவிடும். அடுத்த தடவை குழாய் மூட்டை இறுக்கப் போனபோது அந்தக் காதில் விழுந்தது இது.

"ஆராய்ச்சிக் கப்பல்ல ரெண்டு மாசம். வேற யாரையும் நம்ப முடியாது மேடம், நீங்கதான் வேணும். இந்தப் படம் நல்லா வந்தாத்தான் அந்தக் கப்பலையே எனக்குக் குடுப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்பதற்குள், பாழாய்ப்போன பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. அவனே நேரம் வைத்து ஓடவிட்ட பம்பு. வால்வு அங்கேயே நின்றான். இரண்டு மாசம். கப்பல். அந்த ஆளும் அவளும். அவள் போய்விடுவாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வாயைத் திறந்து அவளிடமே கேட்டிருக்கலாம். 'போறியா?' என்று கேட்டு, 'ஆமா' என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் கேள்வியை விழுங்கிவிட்டு, வேறு வழி தேடினான்.

வழி சுலபமாகவே கிடைத்தது. படம் நன்றாக வந்தால்தானே கப்பல்? முக்கியமான காட்சி, சோம்பேறி முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அங்கே வைத்திருக்கும் உயிருள்ள சிப்பியைத் திறந்து சாப்பிடுவது. சாப்பிட வேண்டுமானால் பசிக்க வேண்டும். பசியே வராமல் பார்த்துக்கொண்டால்?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். குளிரறை வாளியிலிருந்து கொழுத்த சிப்பியாக ஒன்றைப் பொறுக்கி, கறுப்புத் துணியைப் பின்பக்கமாக விலக்கி, தொட்டியின் பின்மூலையில் ஒரு கல்லுக்குப் பின்னால் போட்டான். முன்னால் கேமரா அதுபாட்டுக்கு நின்றது. அதை இயக்குகிறவர் கேன்டீனில் இருக்கும்போது அதுவும் தூங்கும் என்று நினைத்துக்கொண்டான். எல்லாப் பம்புக்கும் டைமர் வைத்து ஓட்டுகிறவனுக்கு, கேமராவுக்கும் டைமர் இருக்கும் என்று தோன்றவில்லை. நிமிஷத்துக்கு ஒரு படமாக அது தானே எடுத்துக்கொள்கிறது என்று மனைவி வீட்டில் சொல்லியும் இருப்பாள். வயிற்றெரிச்சலில் இருக்கிறவன் காதில் வேண்டியது மட்டும்தான் விழும்.

போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் சோம்பேறி நகர ஆரம்பித்தது. முன்கண்ணாடியில் இருந்த சிப்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் விழுந்ததன் வாசனையை எப்படியோ பிடித்து, ஒரு கையின் நுனியைத் தூக்கி நீரைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பியது என்றுகூடச் சொல்ல முடியாது. முன், பின் என்று அதற்கு ஒன்றும் கிடையாது. எந்தக் கை முன்னால் போகிறதோ அதுதான் முன். அடியில் குட்டிக் கால்கள் நீள்வதும் ஒட்டுவதும் விடுவதுமாக, தண்ணீர் இறங்கி ஏறுகிற கணக்கு அவனுக்கு அப்படியே தெரிந்தது. ஒரு கால்கூட இன்னொன்றுக்கு இடைஞ்சலாக இல்லை. 'ஒரு கசிவு இல்லையே' என்று தன்னை மறந்து சொல்லிக்கொண்டான்.

அன்று பிற்பகல் முழுக்க, மனைவியும் பிஸ்கட்டும் அந்தப் பக்கம் இல்லாத நேரமாகப் பார்த்து, திரும்பத் திரும்பப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தான். சோம்பேறி சிப்பியின் மேல் கவிழ்ந்து, ஓட்டின் இரண்டு பக்கத்தையும் கைகளால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சிப்பி இறுக மூடிக்கொண்டிருந்தது. இது விடவில்லை, அதுவும் விடவில்லை. கடைசியில் நகக்கண் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு விழுந்தது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. தன் வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளி, அந்த இடுக்கில் நுழைத்து, சிப்பியை அதன் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கரைத்துக் குடித்தது. சாப்பாட்டை வயிற்றுக்குக் கொண்டுபோகாமல் வயிற்றைச் சாப்பாட்டிடம் அனுப்புகிற ஜாதியை அவன் அன்றுதான் பார்த்தான். மறுநாள் காலையில் வெற்று ஓட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இப்படியே நடந்தது. சோம்பேறி கல்லுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தால், தூங்குகிறது என்று மற்ற இருவரும் நினைத்துக்கொண்டார்கள். முன்கண்ணாடியில் வைத்த சிப்பியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டிய பிஸ்கட், "சாப்பிடாம எப்படிப் போறது?" என்று தங்கலை நீட்டினார். ஒரு வாரம் இரண்டாகி, மூன்றாகி, துணிக்குள் இரண்டு முக்காலியும் இன்னும் நெருங்கிப் போட்டிருந்தன. கவலையில் இருக்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஆளைத் துரத்த வேண்டும் என்று கிளம்பியவன், தன் கையாலேயே அவருக்குப் பாய் விரித்துப் போட்டிருந்தான்.

அதுமட்டுமா? ஒருநாள் மேலாளர் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டார். "என்னய்யா வால்வு, உன் தண்ணியில ஏதோ கோளாறு போலிருக்கே? பிராணி சாப்பிட மாட்டேங்குதே."

அவன் தண்ணீரையா! உப்பு ஓர் இம்மி கூடாமல் குறையாமல் அவன் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற தண்ணீரையா! கொந்தளித்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க வழியில்லை. "பாக்கறேன் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மனைவியின் பாடுதான் மோசம். வீட்டுக்கு வந்தாலும் நிலைகொள்ளவில்லை. "எதைப் போட்டாலும் தொட மாட்டேங்குறான். என் கைராசி போயிடுச்சுங்க" என்று ஒருநாள் சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டாள். அவன் பக்கத்தில் போய், "எல்லாம் சரியாயிடும்மா" என்று முதுகைத் தடவினான். அந்த நேரம் காலையில் எடுத்த ஓடு சட்டைப்பையில் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாளே என்று வருந்தினான். யாருக்காக அழுகிறாள் என்று சந்தேகமும் பட்டான். இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இடம் பிடித்தன என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு அவன் சிப்பி போடுவதை நிறுத்தினான். நல்ல புத்தி வந்தது பாதி. படம் முடியாமல் இந்த ஆள் நகரப்போவதில்லை என்று உறைத்தது மீதி.

சில நாளில் சோம்பேறிக்குப் பசித்தது. ஒரு காலையில் முன்கண்ணாடியில் ஏறி, எல்லோரும் பார்க்கும்படி சிப்பியை அணைத்துக்கொண்டது. பின்னறையில் அவன் மனைவி குதித்த குதிப்பை வெளியே டிக்கெட் கிழிக்கிறவர்வரை கேட்டார்கள். அன்று சாயங்காலமே பிஸ்கட் அத்தனை படங்களையும் கணினியில் கோத்து, "நானே இன்னும் பார்க்கலை, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்று மேலாளர் அறையில் ஓடவிட்டார். மேலாளர், அவன் மனைவி, டிக்கெட்காரர், தொட்டி கழுவுகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வால்வையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார். "அண்ணே, டப்பா உங்க கிட்டயே இருக்கட்டும்."

வாரக்கணக்கில் நடந்ததெல்லாம் சில நிமிஷத்தில் ஓடியது. ஊர்ந்துகொண்டிருந்த சோம்பேறி திரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது, கண்ணாடியில் ஏறியது, இறங்கியது. எல்லோரும் ஆகா என்றார்கள். அப்போது தொட்டியின் பின்பக்கம், தண்ணீருக்கு அப்பால், இருட்டில் ஒரு முகம் உதித்தது. மறைந்தது. மறுபடி உதித்தது. மேலிருந்து ஒரு கை இறங்கி, கல்லுக்குப் பின்னால் சிப்பி போட்டது. சோம்பேறி அந்தப் பக்கம் ஓடியது. முகம் வந்தது, போனது, வந்தது, போனது. தண்ணீர் வழியாகப் பார்த்ததில் கண் இரண்டும் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிந்தன.

"யாருய்யா அது, நிலா மாதிரி வந்து வந்து போறது?" என்றார் மேலாளர்.

அறையே வெடித்துச் சிரித்தது. பிஸ்கட்கூடச் சிரித்தார். "அண்ணே, இதுல உங்களுக்கு இவ்வளவு ஆசைன்னு சொல்லியிருந்தா மூணாவது முக்காலி போட்டிருப்பேனே!" என்றார். அந்த மனுஷனுக்குக் கடைசிவரை விஷயம் விளங்கவில்லை. ஆசையில் ஊட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டார். சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். வால்வு பிஸ்கட் டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"நான் அழுதப்போ முதுகைத் தடவிக் குடுத்தீங்களே" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். துணி, முக்காலி, 'அட', கப்பல். "ரெண்டு மாசம் அவனோட கப்பல்ல... எனக்கு எப்படி இருக்கும், சொல்லு?"

"அவரோடயா?" அவள் அவனையே பார்த்தாள். "அவர் எங்க வர்றார்? படகுல கால் வெச்சாலே அவருக்கு வயிறு வெளிய வந்துடும், நம்ம சோம்பேறி மாதிரி. அதனாலதானே தனக்குப் பதிலா ஆள் தேடுறார். கப்பல்ல தொட்டியைப் பாத்துக்க."

வால்வுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது சட்டென்று திறந்துகொண்டது. சிரிப்புக்கூட வந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்!

"அவர் கேட்ட அன்னிக்கே நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"முடியாதுன்னா? எனக்காகவா?"

"எனக்குப் போகணும்னு கொள்ளை ஆசை. ஆனா சாயங்காலம் வந்து வால்வைப் பத்திப் பேச ஆளில்லாம நீங்க ஒத்தையா உக்காந்திருப்பீங்களேன்னு நினைச்சேன். மனசு கேக்கலை."

அவன் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"அப்ப போகலைல்ல?"

"படம் ஓடும்போது நீங்க எழுந்து போயிட்டீங்க. அப்பத்தான் அவர்கிட்ட சொன்னேன், வர்றேன்னு." எழுந்து செருப்பைக் கழற்றினாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கிட்டக் கேக்கறதைவிட உங்களுக்கு இருட்டுல நின்னு ஒரு பிராணிக்குத் திருட்டுத்தனமா ஊட்டறது சுலபமா இருந்துச்சு."

அவள் கிளம்பினாள். கிளம்பும் முன் மேலாளரிடம் பேசி, சோம்பேறியை அவன் பொறுப்பில் விட்டாள். "எப்பப் பசிக்கும், எப்பப் பசிக்காதுன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாளாம். மேலாளர் அதைப் பாராட்டு என்று நினைத்து வால்விடம் வந்து சொன்னார்.

கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டார்கள். முக்காலிகள் மட்டும் அங்கேயே கிடந்தன. மதியத்தில் வால்வு ஒன்றில் உட்கார்ந்து, சோம்பேறி சிப்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். இன்னொன்றில் யாரையும் உட்கார விடுவதில்லை. கப்பலிலிருந்து முதல் தடவை போன் வந்தபோதும் அவன் அங்கேதான் இருந்தான்.

"சோம்பேறி சாப்பிட்டானா?" என்றாள் எடுத்ததும்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான்."

அவளுக்குப் பின்னால் ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு குரல் மற்றதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. வால்வின் காது உடனே நீண்டது. 'யாரது?' என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவன் அதை அங்கேயே பிடித்து நிறுத்தி, "அங்க தண்ணியெல்லாம் எப்படி?" என்று கேட்டான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் ஆடும்போது தொட்டியில் தண்ணீர் தளும்புகிறதாம். பம்பு ஒன்று அடிக்கடி காற்றை இழுத்துக்கொள்கிறதாம். அவளே வால்வைக் கழற்றி, துடைத்து, அவன் வீட்டில் எப்போதோ சொன்ன மாதிரி திருப்பிப் போட்டு ஓடவைத்தாளாம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டவள் ஒன்றையும் மறக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள், அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். சாப்பாடு ஆறிப்போனது.

"கேக்கறீங்களா?" என்றாள் அவள், ரொம்ப நேரம் சத்தமே வராததால்.

"அட!" என்றான் வால்வு.